150 டாலர் கிதார்: ஜாஸ் யாருடைய விரல்களில் பிறந்தது?

பழைய வாத்தியங்கள் விற்கும் கடை ஒன்றில், போன வருடம் ஒரு கிதாரை எடுத்து மடியில் வைத்தேன். உள்ளே முழுக்கக் காலியான பெட்டி. மேற்பலகையில் வயலினில் இருப்பதுபோல எஃப் எழுத்து வடிவத்தில் இரண்டு துளைகள். ஹாலோ பாடி என்பார்கள். விற்பனையாளர் தம்பி மரியாதையாகத்தான் சொன்னார்: “அது ஜாஸ் வாசிக்கிறவங்க வாங்குறதுண்ணே. உங்களுக்கு செட் ஆகாது. கானா, குத்துன்னா இந்தப் பக்கம் பாருங்க.”

நான் என்ன வாசிப்பேன் என்று அவர் கேட்கவில்லை. பார்த்தே முடிவு செய்துவிட்டார். அந்தத் தம்பியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஜாஸ் என்றால் நட்சத்திர ஓட்டலின் மங்கிய வெளிச்சம், கண்ணாடிக் கோப்பை, அமைதியாகத் தலையாட்டும் கனவான்கள் என்றுதான் பொதுப்புத்தியில் பதிந்திருக்கிறது. எந்தக் கருவி யார் கையில் இருக்கலாம் என்று ஊர் முடிவு செய்வது நமக்குப் புதிதும் அல்ல. ஆனால் இந்தக் கருவியின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு தலைகீழாகிவிடுகிறது.

முதலில் விலையிலிருந்து தொடங்குவோம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் இருந்த கிப்சன் நிறுவனம், 1922இல் எல்-5 என்ற கிதாரைக் கொண்டுவந்தது. கெட்டியான ஸ்ப்ரூஸ் மரத்தை வயலின் செய்வதுபோலக் குடைந்து, வளைத்து, கையால் இழைத்துச் செய்த மேற்பலகை. விலை 275 டாலர். இத்தனை செலவழித்தும் பெரிய இசைக்குழுவில் டிரம்பெட்டுகளும் சாக்ஸபோன்களும் முழங்கும்போது கிதாரின் ஓசை மேலே எழும்பாது. கிதார் வாசிப்பவரின் வேலை தாளத்தை நிரப்புவது. இருப்பார், உழைப்பார், அவர் இல்லாமல் குழு தள்ளாடும். ஆனால் அவர் தனித்துப் பேசினால் யாருக்கும் கேட்காது.

ஏழைகளின் கைக்குக் கிதார் வேறு வழியாக வந்தது. சியர்ஸ் போன்ற நிறுவனங்கள் தபால் வழியாகச் சில டாலர்களுக்குக் கிதார் விற்றன. 1892இல் சிகாகோவில் தொடங்கிய ஹார்மனி தொழிற்சாலையை சியர்ஸ் 1916இல் வாங்கியது. தெற்கு மாநிலங்களில் இந்தத் தபால் வியாபாரத்துக்கு ஓர் அரசியல் பொருளும் இருந்தது. கறுப்பின விவசாயக் கூலிகள் பெரும்பாலும் நிலவுடைமையாளரின் கடையிலோ வெள்ளையர் கடையிலோதான் சாமான் வாங்க வேண்டும். வெள்ளையர் எல்லோரும் வாங்கி முடிக்கும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும். தருவதை வாங்க வேண்டும். கடன் கணக்கை எதிர்த்துக் கேட்கக் கூடாது. விலைப்பட்டியல் புத்தகத்துக்கோ கண் கிடையாது. பணம் அனுப்பினால் பொருள் வரும். அனுப்பியவரின் தோல் நிறத்தை அது பார்க்காது. மலிவான கிதார் தெற்கின் குடிசைகளுக்குள் நுழைந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

இசைத்தட்டு வணிகத்துக்குக் கண் இருந்தது. 1928-29இல் இரண்டு பேர் சேர்ந்து கிதார் இரட்டை இசையைப் பதிவு செய்தார்கள். ஒருவர் நியூ ஆர்லியன்சைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர் லோனி ஜான்சன். இன்னொருவர் பிலடெல்பியாவில் வாத்தியம் செய்யும் இத்தாலியக் குடியேறியின் மகனான எடி லாங். ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பரும் சமமாக உட்கார்ந்து வாசித்தார்கள் என்று இசைத்தட்டில் அச்சிட முடியாத காலம். அதனால் எடி லாங்கின் பெயர் ‘பிளைண்ட் வில்லி டன்’ என்று மாற்றப்பட்டது. கறுப்பின புளூஸ் பாடகரின் பெயர்போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக. கிதாரில் ஒற்றைக் கம்பியில் மெலடி வாசிப்பதற்கு முன்னோடிகள் இந்த இருவரும். ஆனால் லோனி ஜான்சன் 1950களின் இறுதியில் எங்கே இருந்தார் தெரியுமா? எடி லாங் பிறந்த அதே பிலடெல்பியாவில், ஒரு ஓட்டலில் துப்புரவுப் பணியாளராக.

இனி கதையின் நடுநாயகத்துக்கு வருவோம். சார்லி கிறிஸ்டியன். 1916இல் டெக்சாஸில் போன்ஹம் என்ற ஊரில் பிறந்து, ஓக்லஹோமா நகரத்தில் கறுப்பினக் குடியிருப்பில் வளர்ந்தவர். தந்தை பார்வையிழந்த இசைக்கலைஞர். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெள்ளையர் தெருக்களில் வாசித்து, கிடைத்ததைப் பெற்றுக் குடும்பம் நடத்தியவர். சின்னப் பையனான சார்லி முதலில் அப்பாவின் வாசிப்புக்கு ஆடினார். பிறகு கிதாரைக் கையில் எடுத்தார்.

‘இன்விசிபிள் மேன்’ நாவலை எழுதிய ரால்ஃப் எலிசன் அதே நகரத்தில், அதே டக்ளஸ் பள்ளியில் படித்தவர். பள்ளியின் கைத்தொழில் வகுப்பில் சுருட்டுப் பெட்டிகளைக் கொண்டு சார்லி கிதார் செய்துகொண்டதை எலிசன் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தப் பள்ளியில் இசைக் கல்வி சிறப்பாக நடந்தது. ஆனால் அது மேற்கத்திய செவ்வியல் இசை. ஜாஸும் புளூஸும் மரியாதைக்குரிய கறுப்பினக் குடும்பங்கள் முகம் சுளிக்கும் இசைகளாக இருந்தன. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயும் உயர்ந்த இசை, தாழ்ந்த இசை என்ற ஏணி இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ‘நல்ல’ இசை கற்றுத்தந்த பள்ளியின் மரவேலை மேசையில்தான், சுருட்டுப் பெட்டியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தான் ஒரு பையன்.

1936இல் கிப்சன் நிறுவனம் இஎஸ்-150 என்ற மின்சார கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இஎஸ் என்றால் எலக்ட்ரிக் ஸ்பானிஷ். 150 என்பது விலை. கிதார், ஆம்ப்ளிஃபயர், இரண்டையும் இணைக்கும் வயர் எல்லாம் சேர்த்துச் சுமார் 150 டாலர். ஆம்ப் இல்லாத எல்-5இன் விலையில் ஏறக்குறையப் பாதி. அலங்காரம் குறைவு. மேற்பலகைக்கு அடியில் கனமான காந்தங்கள், வெளியே தெரிவது ஒரு பட்டையான பிக்கப்பும் மூன்று திருகுகளும் மட்டும். ஊமையாக இருந்த கருவிக்கு இது வாய் கொடுத்தது.

இந்த 150 டாலரை ‘மலிவு’ என்று சொல்லும்போது யாருக்கு மலிவு என்று கேட்க வேண்டும். 1938இல் அமெரிக்காவில் முதன்முதலாகத் தேசிய அளவில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்டது. மணிக்கு 25 சென்ட். அந்தக் கணக்கில் இந்தக் கிதாருக்கு 600 மணி நேர உழைப்பு வேண்டும். சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல். அந்தக் கூலியும் எல்லோருக்கும் இல்லை. விவசாயத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் அந்தச் சட்டம் வெளியே நிறுத்தியது. தெற்கின் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் செய்த வேலைகள் அந்த இரண்டுதான். சார்லி கிறிஸ்டியன் ஓர் இரவுக்கு வாங்கிய சம்பளம் இரண்டரை டாலர். அப்படியானால் அவருடைய கிதாரின் விலை அறுபது இரவுகள்.

1939 ஆகஸ்ட். பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் சொல்லக் கேட்டு, ஜான் ஹாமண்ட் என்ற இசைத் தயாரிப்பாளர் சார்லியை லாஸ் ஏஞ்சலஸுக்கு வரவழைத்தார். அங்கே புகழின் உச்சியில் இருந்த பென்னி குட்மனுக்கு இந்த இளைஞர்மேல் ஆர்வமில்லை. ஹாமண்ட் விடவில்லை. இடைவேளையில், குட்மனுக்குத் தெரியாமல், சார்லியையும் ஆம்ப்பையும் மேடையேற்றிவிட்டார். எரிச்சலோடு வந்த குட்மன் ‘ரோஸ் ரூம்’ பாடலைத் தொடங்கினார். அந்த ஒரே பாடல் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நீண்டது. ஒவ்வொரு முறை தன் சுற்று வரும்போதும் சார்லி புதிதாக ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். சில நாட்களில் அவர் சம்பளம் வாரத்துக்கு 150 டாலர். அறுபது இரவின் விலையாக இருந்த கிதார் ஒரு வாரச் சம்பளமாக மாறியது.

சாக்ஸபோன் பேசுவதுபோல நீண்ட வாக்கியங்களாகக் கிதாரைப் பேசவைத்தார் சார்லி. குட்மனின் மேடை முடிந்த பிறகு ஹார்லெமில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற இடத்துக்குப் போய், தெலோனியஸ் மங்க், கென்னி கிளார்க் போன்றவர்களோடு விடியும்வரை வாசிப்பார். பீபாப் என்று பின்னால் பெயர் பெற்ற புரட்சி கருவான இடங்களில் ஒன்று அது. ஆனால் ஏழைகளின் நோயான காசநோய் அவரை விடவில்லை. 1942 மார்ச் 2ஆம் தேதி, ஸ்டேட்டன் தீவில் உள்ள காசநோய் மருத்துவமனையில் இறந்தார். வயது 25. போன்ஹமில் அவர் கல்லறைக்குப் பெயர்க்கல் வைக்கப்பட்டது 1994இல். உலகம் முழுவதும் கிதாரை மாற்றியவருக்கு ஒரு கல் கிடைக்க 52 ஆண்டுகள்.

சார்லி கடைசியாகப் பதிவு செய்தவற்றில் ஒன்று, 1941இல் பதிவான ‘சோலோ ஃப்ளைட்’. இண்டியானாபொலிஸில் ஓர் இளைஞர் அந்த இசைத்தட்டைக் கேட்டார். வெஸ் மான்ட்கோமரி. அவருடைய அண்ணன் மங்க், படிப்பை நிறுத்தி, கரியும் பனிக்கட்டியும் விற்றுச் சேர்த்த காசில், 1935இல் அடகுக்கடையிலிருந்து 13 டாலருக்கு நாலு கம்பி கிதார் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். சார்லியைக் கேட்ட பிறகு வெஸ் ஆறு கம்பி மின்சார கிதாருக்கு மாறினார். அவருக்கு ஸ்வரக்குறிப்பு படிக்கத் தெரியாது. சார்லியின் வாசிப்பைக் கேட்டுக் கேட்டு அப்படியே மனப்பாடம் செய்தார். இரவில் பயிற்சி செய்தால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். அதனால் கம்பியை மீட்டும் பிளெக்ட்ரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டைவிரல் சதையால் மெதுவாக வாசித்தார். இன்று உலகமெங்கும் இசைக் கல்லூரிகளில் ஆராயப்படும் அந்தப் பஞ்சு போன்ற ஓசை, நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த ஒரு தொழிலாளி அக்கம்பக்கத்தாருக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு.

தொழிலாளி என்று அழுத்திச் சொல்கிறேன். காலை 7 மணி முதல் பிற்பகல் 3 வரை தொழிற்சாலை. இரவு 9 முதல் 2 வரை ஒரு பாரில் வாசிப்பு. அது முடிந்து 2.30க்கு இன்னொரு பார், விடிகாலை 5 வரை. ஏழு பிள்ளைகள். 1959இல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி அவரைக் கேட்டு, ரிவர்சைட் நிறுவனத்திடம் சொன்ன பிறகுதான் வெளியுலகம் அறிந்தது. அப்போது அவருக்கு 36 வயது. 1968இல் மாரடைப்பால் போனார். 45 வயது.

ஹாலோ பாடியின் விலைக் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. 1949இல் கிப்சன் இஎஸ்-175 என்ற கிதாரை 175 டாலருக்குக் கொண்டுவந்தது. இதில் மரத்தைக் குடையவில்லை. மெல்லிய மேப்பிள் தகடுகளை ஒட்டி, அச்சில் அழுத்தி வளைத்தார்கள். சுருக்கமாகச் சொன்னால் ஒட்டுப்பலகை. கெட்டி மரத்தை இழைப்பதே கலை என்று நம்பியவர்களுக்கு இது மட்டம். ஆனால் கெட்டி மரப்பலகை, ஆம்ப்பிலிருந்து வரும் சத்தத்துக்கே தானும் அதிர்ந்து ஊளையிடத் தொடங்கும். ஒட்டுப்பலகை அவ்வளவு எளிதில் அதிராது. செலவைக் குறைக்கச் செய்தது, மேடைக்கு ஏற்றதாக அமைந்தது. ஜாஸ் கிதார் ஓசை என்று இன்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி இந்த ஒட்டுப்பலகையின் ஓசை. சிசிலியிலிருந்து குடியேறிய எஃகுத் தொழிலாளியின் மகன் ஜோ பாஸ், ஒன்பது வயதில் 17 டாலர் ஹார்மனி கிதாரில் தொடங்கியவர். போதைப் பழக்கத்தில் எல்லாம் இழந்து மறுவாழ்வு இல்லத்தில் இருந்தபோது அவருக்கென்று ஒரு கிதார் இல்லை. அவரைக் கேட்டு வியந்த ரசிகர் ஒருவர் வாங்கிக் கொடுத்தது இஎஸ்-175தான்.

1970களில் எபிஃபோன் கிதார்களின் உற்பத்தி ஜப்பானுக்குப் போனது. பிறகு கொரியா, சீனா. 2002இல் வந்த ஐபனெஸ் ஆர்ட்கோர் வரிசை, ஹாலோ பாடியைச் சாதாரணச் சம்பளக்காரரும் எட்டிப் பார்க்கும் உயரத்துக்கு இறக்கியது. நான் கடையில் மடியில் வைத்ததும் அதுதான். இரண்டாம் கை. மேற்பலகையில் யாருடைய சட்டைப் பொத்தானோ போட்ட கீறல். பெட்டி காலியாக இருப்பதால் ஆம்ப் இல்லாமலே எனக்குக் கேட்கிறது. வீடு தூங்கிய பிறகு, கட்டைவிரலால் வாசிக்கிறேன். நன்றாக வாசிக்கிறேன் என்று சொல்லமாட்டேன். கம்பிகள் தடிமன், இடது கை வலிக்கிறது.

ஒரு கருவியின் விலை என்பது மரத்தின் விலையோ காந்தத்தின் விலையோ மட்டும் அல்ல. யார் பேசினால் கேட்க வேண்டும் என்ற கேள்விக்குச் சமூகம் போட்டிருக்கும் விலையும் அதில் சேர்ந்திருக்கிறது. சுருட்டுப் பெட்டியிலும், 13 டாலர் அடகுக்கடைக் கிதாரிலும், அறுபது இரவுகளின் கூலியிலும் பிறந்த ஓசையை எடுத்துக்கொண்டுபோய் ஓட்டல் கூடத்தில் வைத்துவிட்டு, நம்மைப் பார்த்து “இது உங்களுக்கு செட் ஆகாது” என்று சொல்வதுதான் வேடிக்கை.

அன்று அந்தத் தம்பியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, “இதை முதல்ல வாசிச்சவங்க எல்லாம் நம்ம மாதிரி ஆளுங்கதான் தம்பி” என்றேன். அவர் சிரித்தார். கிதாரைப் பழைய போர்வையில் சுற்றிக் கையில் கொடுத்தார்.