முந்திப் போனவரும் முடித்து வந்தவரும்



நம் பள்ளிகளில் குறுக்கோட்டப் போட்டி நடக்கும் காலை நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விசில் ஊதியதுதான் தாமதம், பிள்ளைகள் திடலை விட்டுச் சிட்டாய்ப் பறக்கிறார்கள். வேலியோரம் நிற்கும் நாம் மட்டும் சும்மா இருக்கிறோமா? "விடாதடா தம்பி! முந்து, முந்து!" என்று தொண்டை கிழியக் கத்துகிறோம். அரைக் கட்டை தூரம் தாண்டிப் போய்ப் பாருங்கள். முதலில் பறந்த பையன் விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவான். பின்னால் நிதானமாகக் கிளம்பிய ஒரு பெண் பிள்ளை அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பாள்.

இது சின்னப் பிள்ளைகள் செய்கிற தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். தம் காலத்தில் உலகத்திலேயே வேகமான மாரத்தான் வீரராக இருந்த ஒருவரும் இதே தப்பைச் செய்தார். முதல் தடவை பதக்கத்தை இழந்தார். இரண்டாவது தடவை உயிரையே இழக்கப் பார்த்தார். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் 26 கட்டைக்கும் கொஞ்சம் கூடுதல். இந்தத் தூரத்துக்கு உடம்பு எங்கிருந்து சக்தி எடுக்கிறது? தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கிறது. வேகமாக ஓட ஓட, அந்தச் சேமிப்பும் வேகமாகக் கரையும். அளவோடு ஓடினால் உடம்பு கொழுப்பையும் சேர்த்து எரித்து, சர்க்கரையை மிச்சம் பிடிக்கும். ஆரம்பத்திலேயே வாரி இறைத்தவருக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் கால் இரும்பாய்க் கனக்கும். சம்பளம் வாங்கிய முதல் வாரத்திலேயே பணத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, மாதக் கடைசியில் மளிகைக் கடையில் கடன் சொல்லி நிற்கிற குடும்பத்தின் கதைதான் இதுவும்.

இனி 1952ஆம் ஆண்டுக்குப் போவோம். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக். இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் ஆறே வாரங்களுக்கு முன்புதான் 2 மணி 20 நிமிடம் 42 விநாடியில் ஓடி, அதுவரை யாரும் காணாத வேகத்தைக் காட்டியிருந்தார். தங்கம் அவருக்குத்தான் என்று பலரும் எண்ணினார்கள். அவருக்குப் போட்டியாக வந்தவர் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாட்டோபெக். அதே ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரிலும் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றிருந்தார். ஆனால் மாரத்தான்? அவர் வாழ்நாளில் ஒரு தடவைகூட ஓடியதில்லை! எந்த வேகத்தில் ஓடுவது என்றே தெரியாத அவர் என்ன செய்தார் தெரியுமா? பீட்டர்ஸ் அணியும் எண்ணை விசாரித்து வைத்துக்கொண்டார். தெரிந்தவர் பின்னாலேயே போனால் வழி தவறாது என்பது அவர் கணக்கு.

பீட்டர்ஸோ முதல் 10 கிலோமீட்டரை 32 நிமிடத்துக்குள் ஓடி முடித்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். அவருடைய சொந்தச் சாதனை வேகத்தில் ஓடியிருந்தால் அதற்கு 33 நிமிடம் 20 விநாடி பிடித்திருக்கும். ஒரு நிமிடத்துக்கும் மேலான அந்த லாபம் உண்மையில் லாபமல்ல, பின்னால் வட்டியோடு கட்ட வேண்டிய கடன்.

பிறகு ஸாட்டோபெக் அவரை எட்டிப் பிடித்தார். இந்த வேகம் சரிதானா, ரொம்ப அதிகமோ என்று வெள்ளை மனத்தோடு கேட்டார். பீட்டர்ஸ் ஏற்கெனவே களைத்திருந்தார். ஆனாலும் களைப்பைக் காட்டிக்கொள்ளாமல், இது போதாது, மெதுவாகத்தான் போகிறோம் என்று சொல்லிவைத்தார். இவர் பயந்து பின்வாங்குவார் என்று நினைத்தாரோ என்னவோ! ஸாட்டோபெக் அதை அப்படியே நம்பி, தம் உடம்பு இடம் கொடுத்ததால் இன்னும் வேகம் கூட்டிப் போய்விட்டார். பீட்டர்ஸ் 20 மைல் வாக்கில் கால் பிடித்துக்கொள்ள, போட்டியிலிருந்தே விலகினார். ஸாட்டோபெக் 2 மணி 23 நிமிடம் 3 விநாடியில் ஓடி முடித்து, மூன்றாவது தங்கத்தையும் வாங்கினார். ஒரே வேகம்தான். ஒருவர் உடம்புக்கு அது கட்டுப்படியாயிற்று, மற்றவர் உடம்புக்குக் கட்டுப்படியாகவில்லை.

சரி, பட்டால் புத்தி வரும் என்பார்களே, வந்ததா? ஓட்டத்தில் பீட்டர்ஸ் மேலும் மேலும் சாதித்தார். 1954 ஜூனில் 2 மணி 17 நிமிடம் 39 விநாடியில் ஓடினார். அதே ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், கனடாவின் வான்கூவர் நகரில் காமன்வெல்த் விளையாட்டு. வெயில் 28 டிகிரி வாக்கில் காய்ந்தது. நமக்கு 28 டிகிரி என்றால் குளுகுளு காலை! குளிர்நாட்டு ஓட்டக்காரருக்கோ அது கொதிக்கிற உலை. அன்று ஓடத் தொடங்கியவர்கள் 16 பேர், ஓடி முடித்தவர்கள் 6 பேர் மட்டுமே.

பீட்டர்ஸ் வேகத்தைக் குறைக்கவில்லை. அடுத்தவரைவிடக் கால் மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக அரங்கத்துக்குள் வந்துவிட்டார். உள்ளே வந்ததும் விழுந்தார். எழுந்தார், நாலடி தள்ளாடினார், மறுபடியும் விழுந்தார். சுமார் 11 நிமிடங்கள் இப்படியே. கூட்டம் கண்கலங்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லைக் கோட்டுக்கு 200 கஜம் இருக்கும்போது அவரைத் தாங்கிப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்காட்லாந்தின் ஜோ மெக்கீ 2 மணி 39 நிமிடம் 36 விநாடியில் வந்து தங்கம் பெற்றார். பீட்டர்ஸ் பிழைத்தார். ஆனால் பந்தயத்தில் அதன்பிறகு ஓடவேயில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரைப் போல் பாடுபட்டுப் பயிற்சி செய்தவர்கள் குறைவு. தைரியம் அவரிடம் நிறைய இருந்தது. அன்றைய வெயிலுக்கு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு மட்டும் இல்லை.

கணக்கு வைத்து ஓடியவரையும் பார்ப்போமா? 1960, ரோம் ஒலிம்பிக். எத்தியோப்பியப் பேரரசரின் மெய்க்காவல் படை வீரர் அபெபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடினார். மொராக்கோவின் ராடி பென் அப்தெஸ்ஸலாம் தோளோடு தோள் வந்தார். பிக்கிலா அவசரப்படவே இல்லை. ரோம் நகரில் அப்போது ஆக்சும் கல்தூண் நின்றது. 1937இல் இத்தாலியப் படை எத்தியோப்பியாவிலிருந்து அள்ளிக்கொண்டு போன தூண் அது. அது எல்லைக் கோட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் இருப்பதைப் பிக்கிலாவும் அவர் பயிற்சியாளர் ஒன்னி நிஸ்கானனும் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார்கள். அந்தத் தூணருகே வந்ததும் வேகம் கூட்டு என்பதுதான் திட்டம். அப்படியே கூட்டினார்! 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில், 25 விநாடி வித்தியாசத்தில் தங்கம். தாய்நாட்டுத் தூணும் 2005இல் வீடு திரும்பியது.

அப்படியானால் எப்போதும் பின்னாலேயே பதுங்கி ஓடவேண்டுமா? அதுவும் இல்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் ஓட்டமே 1984இல்தான் கிடைத்தது. லாஸ் ஏஞ்சல்சில் நடந்த அந்த முதல் போட்டியில், அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் ஏறக்குறைய 5 கிலோமீட்டரிலேயே கூட்டத்தை விட்டுப் பிரிந்து முன்னே போய்விட்டார். வெயிலில் சோர்ந்து திரும்பி வந்துவிடுவாள் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அவர் திரும்பி வரவேயில்லை! 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் வென்றார். காரணம் என்ன? முந்தின ஆண்டு பாஸ்டனில் 2 மணி 22 நிமிடம் 43 விநாடியில் ஓடியவர் அவர். பார்த்தவர்களுக்கு அது துணிச்சல். அவருக்கோ கையிருப்புக்குள் அடங்கிய செலவு.

2023இல் சிகாகோ நகரில் கென்யாவின் கெல்வின் கிப்டும் 2 மணி 35 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். முதல் பாதிக்கு 60 நிமிடம் 48 விநாடி. இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 விநாடி. பின்பாதிதான் வேகம் என்பதைக் கவனியுங்கள்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்குகிறவர்களும் இருக்கிறீர்கள், வாங்காதவர்களும் இருக்கிறீர்கள். பக்கத்தில் ஓடுகிறவன் எவ்வளவு வேகம் என்று பார்ப்பதில் தப்பில்லை, ஸாட்டோபெக்கும் பார்த்தார். ஆனால் ஓடப்போவது உங்கள் கால், மூச்சு வாங்கப்போவது உங்கள் நெஞ்சு. உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பயிற்சியில் தெரிந்துகொள்ளுங்கள். அதை எல்லைக் கோடு வரைக்கும் பங்கு போட்டு ஓடுங்கள். உடம்பு முடியவில்லை என்று சொன்னால் நில்லுங்கள். அது அவமானமில்லை.

பெற்றோர்களே, அடுத்த குறுக்கோட்டத்துக்கு நாம் வேலியோரம் நிற்கும்போது "முந்து, முந்து" என்பதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வோமா? "உன் வேகத்தில் போ, கண்ணு. நாங்கள் இங்கேயேதான் இருக்கிறோம்" என்று சொல்லிப் பார்ப்போம். பிள்ளைகள் நிச்சயம் ஓடி முடிப்பார்கள்.