மந்தம் தீர்ந்தது, வெறி தீரவில்லை



1941 டிசம்பர் 8ஆம் தேதி, நள்ளிரவு கடந்த வேளையில் கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியப் படை இறங்கியது. நம் பெரியவர்கள் நடுக்கத்தோடு நினைவுகூர்ந்த ‘ஜப்பான்காரன் காலம்’ அங்கே தொடங்கியது. சயாம் ரயில் பாதைக்குப் போன தோட்டத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஆனால், அந்தப் படையைப் புறப்பட வைத்தது எது? அதை அறிய, ஜப்பானின் பட்டுக் கிராமங்களுக்குப் போக வேண்டும்.

1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. ஜப்பானியப் பட்டை அதிகம் வாங்கிய நாடு அமெரிக்காதான். அந்த நேரம் பார்த்து, 1930 ஜனவரியில் ஜப்பானிய அரசு யென் நாணயத்தைப் பழைய மதிப்பிலேயே தங்கத்தோடு பிணைத்தது. ஏற்றுமதி படுத்தது. பட்டு விலையும் அரிசி விலையும் வீழ்ந்தன. வடகிழக்குக் கிராமங்களில் கடனை அடைக்கப் பெண் பிள்ளைகளையே விற்ற குடும்பங்கள் உண்டு. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் அல்லவா?

பசித்தவர்கள் கேட்டது சோறு. தீவிரவாதிகள் காட்டியதோ எதிரிகளை. அரசியல் கட்சிகளும் பெருமுதலாளிகளும் அந்நிய நாடுகளுமே எல்லாத் துன்பத்திற்கும் காரணம் என்றார்கள். 1930 நவம்பரில் பிரதமர் ஹமாகுச்சி தோக்கியோ ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். 1931 செப்டம்பரில் ராணுவ அதிகாரிகள் சிலர் மஞ்சூரியாவில் தண்டவாளத்துக்குத் தாங்களே வெடி வைத்து, பழியைச் சீனர் மீது போட்டு, அந்த நிலப்பகுதியைப் பிடித்தார்கள். 1932 மே 15ஆம் தேதி பிரதமர் இனுகாய், தம் இல்லத்திலேயே கடற்படை இளம் அதிகாரிகளால் கொல்லப்பட்டார்.

இங்கேதான் ஜப்பான் சறுக்கியது. கொலையாளிகளுக்குக் கருணை காட்டும்படி லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டனர். ‘நாட்டுப்பற்றால் செய்துவிட்டார்கள்’ என்று பேசப்பட்டது. ஒருவருக்கும் மரண தண்டனை இல்லை.

மந்தநிலை நீடித்ததால்தான் போர் வந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. 1931 டிசம்பரில் நிதியமைச்சரான தகஹாஷி கொரேக்கியோ, தங்கப் பிணைப்பை அவிழ்த்தார். அரசுச் செலவைக் கூட்டினார். மந்தத்திலிருந்து விரைவாக மீண்ட நாடுகளுள் ஜப்பானும் ஒன்று. பொருளாதாரம் தேறியதும் அவர் ராணுவச் செலவுக்குக் கடிவாளம் போட முயன்றார். 1936 பிப்ரவரி 26ஆம் தேதி, கலகம் செய்த ராணுவத்தினர் வீடு புகுந்து அவரைக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 81.

இம்முறை கலகத் தலைவர்களுக்கு மரண தண்டனை கிடைத்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. ராணுவம் சம்மதிக்காமல் எந்த அமைச்சரவையும் நிற்க முடியாத நிலை உருவானது. செலவைக் கேள்வி கேட்க யாருக்கும் துணிவில்லை. 1937இல் சீனாவுடன் முழுப் போர் மூண்டது. 1941இல் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. ஜப்பானின் பார்வை போர்னியோ, சுமத்ரா எண்ணெய் மீதும், மலாயாவின் ரப்பர், ஈயம் மீதும் விழுந்தது. அதன் விளைவுதான் கோத்தா பாரு.

நேயர்களே, பொருளாதார மந்தம் எந்த நாட்டுக்கும் வரும், போகும். ‘நோக்கம் நல்லது, அதனால் கொலையும் குற்றமில்லை’ என்ற பேச்சு ஒரு நாட்டில் எடுபட்டுவிட்டால், அது மந்தத்தோடு சேர்ந்து போய்விடாது. நாற்காலியில் இருப்பவர்களுக்கு அச்சத்தையும், வீதியில் இருப்பவர்களுக்கு மௌனத்தையும் பழக்கிவிடும். வயிறு காய்ந்த காலத்திலும் சட்டத்தைக் கைவிடாத நாடே போரிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும்.