ஆற்றில் மிதந்த உடலும் ஆறு ஆதாரங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கங்கைக் கரையில் இளந்துறவி ஒருவர் யோக நூல்கள் சிலவற்றைச் சுமந்து திரிந்தார். அந்நூல்கள் விரித்துரைக்கும் நாடிகளும் சக்கரங்களும் மெய்யாகவே உடலுள் உள்ளனவா என்னும் ஐயம் அவரை நெடுநாள் வருத்தி வந்தது. ஒருநாள் ஆற்றில் பிணமொன்று மிதந்து வரக் கண்டார். நீரில் இறங்கி அதனைக் கரைக்கு இழுத்து, கத்தியால் அறுத்து, நூலையும் உடலையும் ஒப்பிட்டு நோக்கினார். சற்றும் பொருந்தவில்லை. நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றில் எறிந்துவிட்டார். பின்னர் 1875இல் ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதியே அத்துறவி. 1879 முதல் ‘தியாசபிஸ்ட்’ இதழில் வெளிவந்த தன்வரலாற்றுக் குறிப்புகளில் இந்நிகழ்ச்சியை அவரே எழுதியுள்ளார்.

அவர் தேடியது கிடைக்காமற் போனதேன் என்னும் வினாவுக்கு விடை காண, ஆயுர்வேதத்தின் மூலநூல்களிலிருந்து தொடங்குதல் வேண்டும். சரகமும் சுசுருதமும் ஆறு சக்கரங்களைக் கூறவில்லை. அவற்றைக் கொண்டு நோய் தீர்க்கும் முறையையும் வகுக்கவில்லை. சுசுருதம் கூறுவன 107 மர்மங்கள். தசையில் 11, சிரையில் 41, நரம்புக்கட்டில் 27, எலும்பில் 8, மூட்டில் 20 என அவை இடம் சுட்டி எண்ணப்பட்டவை. எங்கே காயம்பட்டால் உடனே உயிர் போகும், எங்கே பட்டால் ஊனம் நேரும் என்று அறுவை மருத்துவனை எச்சரிக்கவே இக்கணக்கு எழுந்தது. தமிழகத்தின் தென்கோடியில் வர்ம ஆசான்கள் போற்றிவரும் 108 வர்மங்களும் இவ்வாறே அடிபடும் இடங்களைப் பற்றிய அறிவாகும்.

சக்கரம் என்னும் சொல் சுசுருதத்தில் அறவே இல்லாமலும் இல்லை. தேர்ச்சக்கரத்தின் குடத்தை ஆரக்கால்கள் சூழ்வதுபோல் தொப்புளைச் சிரைகள் சூழ்ந்துள்ளன என்கிறது அந்நூல். அங்கே சக்கரம் ஓர் உவமை மட்டுமே.

இன்று வழங்கும் ஆறு சக்கரங்களின் வரிசை தந்திர நூல்களின் கொடை. பத்தாம் நூற்றாண்டை ஒட்டிய குப்ஜிகாமத தந்திரத்தில் அது தெளிவாக அமைந்துள்ளது. பிற தந்திரங்களில் எண்ணிக்கையும் இடமும் வேறுபடுவதும் உண்டு. தியானத்துக்குத் தக்கவாறு வகுப்பு மாறிற்று. தமிழில் திருமந்திரமும் விநாயகர் அகவலும் இவற்றை ஆதாரம் என்னும் பெயரால் போற்றின. தாங்கி நிற்பது என்பது அச்சொல்லின் பொருள்.

வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577இல் இயற்றிய ‘ஷட்சக்ர நிரூபணம்’ இவ்வகுப்பை முழுமையாக விளக்கும். அந்நூலில் ஆறு தாமரைகளின் இதழ்கள் முறையே 4, 6, 10, 12, 16, 2 ஆகும். கூட்டினால் 50. வடமொழியின் ஐம்பது எழுத்துகளே அவ்விதழ்களில் ஒவ்வொன்றாக இடப்பெறுகின்றன. மூலாதாரம் முதல் ஆக்ஞை வரை உடல் முழுவதையும் ஓர் அரிச்சுவடியாக எண்ணித் தியானித்தனர் என்பதே இதன் பொருள். எழுத்தைக் கத்தியால் அறுத்துக் காண்பது எவ்வாறு?

குழப்பம் பெருகியது இருபதாம் நூற்றாண்டில். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த ஜான் உட்ராஃப் 1919இல் பூர்ணானந்தரின் நூலை ஆங்கிலத்தில் தந்தார். 1927இல் பம்பாய் மருத்துவர் வசந்த் ரேலே, குண்டலினியைத் தலையிலிருந்து வயிறுவரை இறங்கும் ஒரு நரம்போடு பொருத்தினார். அதே ஆண்டில் சென்னை அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்த லெட்பீட்டர், சக்கரங்களைத் தாம் ஞானக்கண்ணால் கண்டவாறு வரைந்து வெளியிட்டு, சுவாதிட்டானத்தின் இடத்தில் மண்ணீரலை வைத்தார். வானவில்லின் ஏழு நிறங்கள் ஏறியது 1970களில், மேலைநாடுகளில். இவையனைத்தும் கலந்து ‘ஆயுர்வேதச் சக்கர சிகிச்சை’ என்னும் பெயரோடு பழமையின் முத்திரை பெற்று விற்பனைக்கு வந்துள்ளன. அத்தகைய ஆற்றல் சிகிச்சை பிணி தீர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க மருத்துவச் சான்று இல்லை. அதனை நம்பி உரிய மருத்துவத்தை ஒத்திப்போடும் நோயாளிக்கு இழப்பு உயிராகவும் இருக்கக்கூடும்.

தயானந்தருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சுசுருதமும் ஒரு பிணத்தை ஆற்றில் இட்டது. புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து, ஏழு இரவு ஓடுநீரில் ஊறவிட்டு, பின் தோலை மெல்லத் தேய்த்து நீக்கி, உறுப்புகளைக் கண்ணாலேயே கண்டறிக என மாணவனுக்கு விதித்தது. அதே இடத்தில், உடலுள் உறையும் நுண்பொருளை இக்கண்ணால் காணவியலாது, ஞானத்தாலும் தவத்தாலுமே காணலாகும் என்றும் வரம்பு கட்டியது. கத்தி காணத்தக்கது எது, தியானம் காணத்தக்கது எது என்று அப்பழைய மருத்துவன் பிரித்து அறிந்திருந்தான். உவமையைப் பொருளென்று கொள்ளும் பிழையைக் கவிதையில் பழகியோர் எளிதில் இனங்காண்பர். ஆதாரங்களை ஆதாரங்களாகவும் மருந்தை மருந்தாகவும் போற்றுவதே இரு மரபுக்கும் செய்யும் மரியாதை.