கல்லிடுக்கில் நித்தியகல்யாணி

1952-ல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு ஓர் உறையில் கொஞ்சம் இலை போனது. சர்க்கரை நோய்க்கு ஜமைக்காவில் கஷாயம் வைத்துக் குடித்த இலை. கனடாவில் டாக்டர் ராபர்ட் நோபல் அதன் சாற்றை எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார், சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாக ஏற்றியதும் எலிகள் தொற்று கண்டு செத்தன. வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. அந்த அணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? 1958-ல் நோபலும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டின் மருந்தைப் பிரித்தெடுத்ததை அறிவித்தார்கள். அதே செடியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டினுக்கு 1963-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இன்றும் அதைத்தான் மற்ற மருந்துகளோடு சேர்த்து ஏற்றுகிறார்கள்.

நம் ஊர் நித்தியகல்யாணிதான் அந்தச் செடி. பிறந்த மண் மடகாஸ்கர். அங்கிருந்து பாரிஸ் தோட்டத்துக்குப் போன விதை லண்டனின் செல்சி மூலிகைத் தோட்டத்துக்கு வந்து, தோட்டக்காரர் பிலிப் மில்லர் கையில் முளைத்தது. 1759-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்குப் பெயர் சூட்டினார். குளிர் தாங்காத செடி என்பதால் அங்கே கண்ணாடி வீட்டுக்குள் வைத்து வளர்த்தார்கள். இங்கே கேட்பாரில்லாமல் சுடுகாட்டு ஓரத்தில் பூத்துக் கிடக்கிறது.

எங்கள் ஊர் வடக்கனந்தலில் கொல்லைக் கிணற்றை ஆழப்படுத்தியபோது வந்த கல்லை வாசலோரம் சரிவாக அடுக்கி, இடுக்கில் சரளையும் செம்மண்ணும் போட்டு இதை நட்டேன். "சுடுகாட்டு மல்லிய வாசல்ல வைக்கிறியேடா" என்று ஆயாவுக்கு மனத்தாங்கல். ஆனால் கல்லுக்கு இதைப்போல் பொருந்தும் செடி வேறில்லை. தண்ணீர் தேங்கினால் தண்டின் அடி அழுகிவிடும். ஐப்பசி மழையில் தரையில் நட்டவை கறுத்துச் சாய்ந்தபோது, கல்லிடுக்கில் இருந்தவை முழங்கால் உயரத்தில் பூத்துக்கொண்டிருந்தன. ஆடும் வாய்வைக்காது. விதையை மண் மூடித்தான் போட வேண்டும், வெளிச்சம் பட்டால் சரியாக முளைக்காது.

ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் இதைப் பயிராகவே வைத்தார்கள். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை உருவி, ஆண்டு முடிந்ததும் வேரைத் தோண்டிக் காயவைத்து மூட்டை கட்டுவார்கள். வேரிலிருந்து ரத்த ஓட்டத்துக்கான மருந்து. ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு இரண்டு டன் அளவுக்கு உலர்ந்த இலை வேண்டுமென்று கணக்குச் சொல்கிறார்கள். வெயிலில் குனிந்து இலை உருவியவர்களில் எத்தனை பேரிடம், இது எந்தக் குழந்தைக்குப் போகிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள்?