திரையில் வெடிக்கும் துப்பாக்கி: உண்மையில் இயங்குவது எப்படி?

பல திரைப்படங்களின் படப்பிடிப்பு நடைபெற்ற கர்நாடகத்தின் மேல்கோட்டையைப் போலவே, பெங்களூரு–மைசூரு வழியில் உள்ள ராமநகரமும் திரைத்துறையினருக்கு நன்கு அறிமுகமான ஊர். ரமேஷ் சிப்பி இயக்கத்தில் 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியான 'ஷோலே' படமாக்கப்பட்டது இங்குதான்.

அப்படத்தில் அம்ஜத் கான் நடித்த கப்பர் சிங், ஆறு தோட்டாக்கள் கொண்ட ரிவால்வரால் மூன்று முறை வானத்தை நோக்கிச் சுடுகிறார். பின்னர் உருளையைச் சுழற்றிவிட்டுத் தன் ஆட்கள் மூவரையும் குறிவைக்கிறார். மூன்று முறையும் வெடிக்கவில்லை. அதன் பிறகே மூவரும் சுட்டுக் கொல்லப்படுகின்றனர்.

இது சாத்தியமா?

ரிவால்வரின் விசையை இழுக்கும்போது உருளை ஓர் அறை நகர்கிறது; சுத்தியல் பின்சென்று விடுபட்டு, தோட்டாவின் அடிப்பகுதியைத் தாக்குகிறது. உள்ளிருக்கும் வெடிமருந்து எரிந்து உருவாகும் வாயு, குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. காலி உறை அறையிலேயே தங்கிவிடும்.

எனவே, அடுத்தடுத்து மூன்று அறைகள் காலியானபின், மூன்று முறையும் வெடிக்காமல் போக உருளை நிற்கும் ஆறு நிலைகளில் ஒன்று மட்டுமே பொருந்தும். அது நிகழ்ந்தால், அடுத்த மூன்று அறைகளிலும் தோட்டா இருப்பது உறுதி. அவ்வகையில் இக்காட்சி அரிதானதே தவிர, தவறானதன்று.

எங்கே தவறுகிறது திரை?

* 30 தோட்டாக்கள் கொண்ட ஏ.கே.47, தொடர்ந்து சுட்டால் சுமார் 3 விநாடிகளில் காலியாகிவிடும். திரையில் அது நிமிடக்கணக்கில் முழங்குகிறது.
* தானியங்கி கைத்துப்பாக்கிகள் பலவற்றில் கடைசித் தோட்டா வெடித்ததும் மேற்பகுதி பின்னோக்கி நின்றுவிடும். 'கிளிக்' ஒலி எழ வாய்ப்பில்லை.
* ஒலியடக்கி ஓசையைக் குறைக்குமே தவிர, முற்றிலும் மறைக்காது. பெரும்பாலான ரிவால்வர்களில் உருளைக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளி வழியே வாயு கசிவதால், அதன் பயன் மிகக் குறைவு.

உயிரைப் பறிக்கும் வெற்றுத் தோட்டா

படப்பிடிப்புகளில் பயன்படும் வெற்றுத் தோட்டாவில் குண்டு இராது, வெடிமருந்து இருக்கும். 1984-ல் அமெரிக்க நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம், அத்தகைய தோட்டா இருந்த ரிவால்வரைத் தலையில் வைத்து விளையாட்டாகச் சுட்டதில் உயிரிழந்தார். 1993-ல் நடிகர் பிராண்டன் லீயின் உயிரைப் பறித்தது, குழலில் சிக்கியிருந்த குண்டை வெற்றுத் தோட்டாவின் வாயு வெளியே தள்ளியதே. 2021-ல் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் துப்பாக்கிக்குள் உண்மையான தோட்டா இருந்ததால் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் பலியானார்.

வானத்தை நோக்கிச் சுடுவதும் ஆபத்தற்றதன்று. மேலே சென்ற குண்டு எங்கோ விழுந்தே தீரும். 2019-ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டத்தின்படி, கொண்டாட்டங்களில் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் சுடுவோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம் என்பது குறிப்பிடத்தக்கது.