ஹிமாவும் காவலும்: அமுத மகால் மேய்ச்சல் நிலங்களின் வரலாறு

மங்கோலியாவின் கோபிப் பாலையிலும் சீனத்தின் லோப்நூர் உப்புப் பாலையிலும் இன்று எஞ்சியிருக்கும் காட்டு ஒட்டகங்கள் ஏறத்தாழ ஆயிரமே. வீட்டு ஒட்டகத்தின் காடேறிய வழித்தோன்றல் என்று நெடுங்காலம் கருதப்பட்ட இது தனி இனம் என்பதை மரபணு ஆய்வுகள் நிறுவியுள்ளன. லோப்நூர்ப் பகுதியில் சீன அரசு 1964 முதல் 1996 வரை அணுகுண்டுச் சோதனைகளை நடத்திற்று. அதன்பொருட்டு மனித நடமாட்டம் தடுக்கப்பட்ட அந்த நிலமே ஒட்டகங்களுக்குப் புகலிடமாயிற்று. சோதனைகள் நின்ற பின்னர் கனிமம் தேடுவோர் உள்ளே புகுந்தனர். ஒட்டகங்களுக்கு அச்சம் தொடங்கியது. போருக்கென அடைக்கப்பட்ட நிலம் ஓர் உயிரினத்தைக் காத்ததும், அந்நோக்கம் முடிந்தபின் காவல் தளர்ந்ததும் சிந்திக்கத்தக்கவை.

இதே போக்கைக் கொண்ட ஒரு வரலாறு நமக்கு மிக அருகிலும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையூரான தளியில் நின்று பார்த்தால், தெற்கிலும் மேற்கிலும் காடு; வடக்கே ஓசூரின் தொழிற்சாலைகள்; எல்லைக்கு அப்பால் பழைய மைசூர் நாடு. அந்நாட்டில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் போற்றி வளர்த்த மாட்டினமே அமுத மகால். அம்மாட்டிற்கென ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்திற்குப் பெயர் ‘காவல்’. அரபு மொழியில் இதே பொருளைத் தரும் சொல் ‘ஹிமா’. இரண்டிற்கும் வேர்ப்பொருள் காத்தல் என்பதே.

இஸ்லாத்திற்கு முந்திய அரேபியாவில் ஹிமா என்பது வலியோரின் உரிமையாக இருந்தது. குலத்தலைவன் வளமான புல்வெளியைத் தன் மந்தைக்கென வளைத்துக்கொள்வான். பிறர் கால்நடை அங்கு நுழையலாகாது. நபி (ஸல்) அவர்கள் இவ்வழக்கத்தை நீக்கி, நிலத்தை ஒதுக்கிக் காக்கும் உரிமை பொதுநன்மைக்கு மட்டுமே உரியது என்று வரையறுத்தார்கள். மதீனாவை அடுத்த நகீஃ என்னும் வெளி முஸ்லிம்களின் பொதுக் குதிரைகளுக்கென ஒதுக்கப்பட்டது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் ரபதா, ஷரஃப் ஆகிய நிலங்களும் ஹிமாவாக்கப்பட்டன.

உமர் (ரலி) அவர்கள் தம் ஹிமாவின் பொறுப்பை ஹுனைய் என்பவரிடம் ஒப்படைத்தபோது கூறிய அறிவுரை புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே விடவேண்டும்; அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் போன்ற செல்வர்களின் மந்தைகளைத் தவிர்க்கவேண்டும் என்பது அதன் சாரம். செல்வர் கால்நடையை இழந்தால் பேரீச்சந்தோட்டத்தையும் விளைநிலத்தையும் நாடுவர். ஏழை இழந்தால் பிள்ளைகளோடு ஆட்சியாளரின் வாசலில் வந்து நிற்பான். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இப்போது புல்லும் நீரும் கொடுப்பது எளிது என்றார் கலீஃபா. நிலத்தைக் காப்பதும் நிலத்தை நம்பிய எளியவனைக் காப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகளாக இங்கு அமைந்தன.

மைசூரின் காவல் நிலங்கள் திப்புவுக்கு முந்தியவை. விஜயநகரப் பிரதிநிதிகள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆண்ட காலத்திலேயே அரண்மனைப் பசுக்கூட்டம் இருந்தது. சிக்க தேவராச உடையார் (1672–1704) அதனை ‘பெண்ணெ சாவடி’, அதாவது வெண்ணெய்ச் சாவடி, என்னும் துறையாக்கினார். பாலும் வெண்ணெயும் அரண்மனைக்கு வந்தன. கன்றுகள் பாரம் இழுக்கும் காளைகளாயின. பின்னர் திப்பு இத்துறைக்கு ‘அமுத மகால்’ என்று பெயரிட்டு, அதன் நிர்வாகத்திற்கென ஹுக்கும்நாமா ஒன்றும் பிறப்பித்தார். அமுதம் வடசொல், மகால் அரபு வழி வந்த சொல், காவலோ கன்னடமும் தமிழும் பகிர்ந்துகொள்ளும் சொல். ஒரு மாட்டின் பெயரிலேயே அந்நாட்டின் கலப்புப் பண்பாடு விளங்குகிறது.

இம்மாடுகளின் பெருமை போர்க்களத்தில் வெளிப்பட்டது. 1781இல் ஆங்கிலேயர் சிதம்பரத்தைத் தாக்கியபோது ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து வந்து சேர்ந்தார். தோல்வியுற்ற களங்களிலும் தம் பீரங்கிகளை எதிரியின் கண்முன்னே இழுத்துச் செல்ல அவரால் முடிந்தது. 1783இல் பெத்தனூரை மீட்பதற்காகத் திப்பு ஒரு மாதத்தில் தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்தார். இவற்றையெல்லாம் சாத்தியமாக்கியவை அமுத மகால் காளைகளே என்று மைசூர் கெசட்டியரைத் தொகுத்த லூயி ரைஸ் எழுதுகிறார். பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லி இவற்றைத் தம் தென்னிந்தியப் போர்களில் பயன்படுத்தினார். ஸ்பெயின் நாட்டுப் போரில் இவை தம்மிடம் இல்லையே என்று வருந்தினார்.

காளையின் விரைவுக்கும் உரத்திற்கும் அடிப்படை நிலமே. காவல்கள் கோடைக் காவல், மழைக் காவல், குளிர்காலக் காவல் என மூவகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. கோடையில் ஈரம் காயாத ஏரிப்படுகைகளையும் கருவேல மர நிழலையும் நாடி மந்தை நகரும். மழை பெய்ததும் மேட்டுப் புல்வெளிக்கு மாறும். ஒரு நிலத்தில் மேய்ச்சல் நடக்கும்போது மற்றொன்று இளைப்பாறும். மாடுகள் தொழுவம் அறியாமல் பாதிக் காட்டு விலங்காகவே வளர்ந்தன.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. பாராமகால் 1792 உடன்படிக்கையிலேயே கும்பினியார் வசமாகியிருந்தது. ஓசூர், தளி அடங்கிய மேட்டுநிலம் இப்போது அவர்களிடம் சென்றது. மைசூர் அரசிடம் விடப்பட்ட மந்தை சீர்கெட்டதால் 1813இல் ஆங்கிலேயர் அதனை ஏற்று ஹுன்சூரை மையமாகக் கொண்டு நடத்தினர். 1860இல் சிக்கனம் கருதி மந்தையைக் கலைத்து விற்றனர். சிறந்த மாடுகளில் பெரும்பகுதியை எகிப்தின் பாஷா வாங்கினார். தவற்றை உணர்ந்து 1866இல் மீண்டும் மந்தையை உருவாக்க முயன்றபோது பழைய தரத்தை எட்டுவது கடினமாயிற்று. அந்நாளில் இத்துறையின் காவல் நிலங்கள் நான்கு லட்சம் ஏக்கருக்கும் மேல் இருந்தன.

மோட்டார் வண்டி வந்த பின் படைக்குக் காளை வேண்டியதில்லை. நோக்கம் மறைந்ததும் நிலமும் கரைந்தது. சாகுபடிக்கும் குடியிருப்புக்கும் காவல்கள் பிரித்து வழங்கப்பட்டன. 2008ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரெ வட்டத்தில் சுமார் 10,000 ஏக்கர் காவல் நிலம் பாதுகாப்பு, அணுசக்தி, விண்வெளி ஆய்வு நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆடு மாடு மேய்த்தும் கம்பளி நெய்தும் வாழ்ந்த சுற்றுக் கிராமத்தார் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகினர். லோப்நூரில் படைத்துறை நிலத்தைப் பூட்டியதால் விலங்கு பிழைத்தது; இங்கோ விலங்கிற்கென இருந்த நிலம் படைத்துறைக்குச் சென்றது.

எஞ்சிய காவல்கள் மாட்டுக்கு மட்டும் உதவவில்லை என்பதும் தெரியவந்துள்ளது. வெளிமானும் ஓநாயும் புல்வெளிப் பறவைகளும் அவற்றில் அடைக்கலம் கொண்டுள்ளன. சிக்கமகளூரு மாவட்டத்தின் பாசூர் அமுத மகால் காவலைக் கர்நாடக அரசு 2011இல் வனவிலங்குப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. மாட்டிற்காகக் காக்கப்பட்ட நிலத்தை மான் இன்று மீட்டுத்தருகிறது.

எல்லைக்கு இப்பாலும் இச்சிக்கலே நிலவுகிறது. அமுத மகாலின் நெருங்கிய உறவான ஹள்ளிகார் மாடுகள் தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் எருது விடும் விழாக்களில் இன்றும் காணப்படுகின்றன. காவிரிக் கரையூரின் பெயர் தாங்கிய ஆலம்பாடி மாடோ மிகவும் அருகிவிட்டது. அதனைக் காப்பதற்கென்றே தருமபுரி மாவட்டத்தில் ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டுள்ளது. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824இல் படைக்குதிரைகளுக்கென ஆங்கிலேயர் தொடங்கிய பண்ணை, பின்னர் அரசுக் கால்நடைப் பண்ணையாயிற்று. அதே ஓசூரில்தான் இன்று காளையின் பாரத்தைத் தாங்கும் லாரிகள் உருவாகின்றன.

ஆலம்பாடி போன்ற மலைமாடுகள் காட்டோரப் பட்டிகளில் தங்கி, காட்டுப்புல் மேய்ந்து வளர்ந்தவை. ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளை உள்ளடக்கிய காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது. பன்னார்கட்டாவிலிருந்து தளி வழியே ஆண்டுதோறும் இடம்பெயரும் யானைகளுக்கு அது இன்றியமையாதது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்து, அதே மாதத்தில் அத்தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றிற்கு மட்டுமெனச் சுருக்கியது. யானைக்குக் காடு வேண்டும்; மலைமாட்டிற்கும் புல் வேண்டும்; பத்து மாடுகளை நம்பி வாழும் பட்டிக்காரனுக்கு வாழ்வு வேண்டும்.

இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளுவதே தீர்வு என்று கொள்ளவேண்டியதில்லை. காவல் முறை பருவத்திற்கேற்ப நிலத்தைத் திறந்தும் மூடியும் புல்லைப் பேணியது. ஹிமா முறை, வாயிலில் யாரை முதலில் விடுவது என்பதற்கு நீதியின் அளவுகோலைத் தந்தது. முன்னது நிலத்தை அறிந்த அறிவு. பின்னது எளியோரை அறிந்த அறிவு. ஆராய்ச்சி மையத்தில் விந்தணுவைச் சேமித்து ஓர் இனத்தின் உருவத்தை நிலைநிறுத்தலாம். அவ்வினத்தை உருவாக்கிய புல்வெளியையும், அதனை மேய்த்தறிந்த மனிதரையும் எந்தக் குப்பியிலும் சேமிக்க இயலாது. படைக்காக நான்கு லட்சம் ஏக்கரை ஒதுக்க முடிந்த நாட்டில், உயிரினங்களுக்காகவும் ஏழைகளுக்காகவும் நிலம் ஒதுக்குவது இயலாத செயலன்று என்பதே இவ்வரலாறு நமக்கு விட்டுச் செல்லும் பாடம்.