அரைகுறை துப்பாக்கியும் துப்பாக்கிதான்! 'ஜாப்' எடுக்கும் லேத் பட்டறைக்காரர்களே உஷார்

திருச்சி:

துவாக்குடி, அரியமங்கலம், பொன்மலை பக்கம் லேத் பட்டறை இல்லாத தெரு குறைவு. பெல் கம்பெனிக்கும் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கும் பெயர் போன ஊராச்சே! டிராயிங்கை கையில் கொடுத்தால் எதை வேண்டுமானாலும் கடைந்து தருகிற ஆட்கள் இங்கே உண்டு. ஆனால் "அண்ணே, இந்த பீசுல நாலு ஓட்டை மட்டும் போட்டுக் குடுங்க. இது வெறும் ஃபிரேம்தான், துப்பாக்கி இல்ல" என்று யாராவது வந்து நின்றால் என்ன செய்வது? போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்?

ஏழு வருஷம் ஜெயில். அதுவும் குறைந்தபட்சம்!

இந்த 'வெறும் ஃபிரேம்' கதை ஆரம்பித்தது அமெரிக்காவில். அங்கே கைத்துப்பாக்கியின் உடல் பாகத்தை முழுசாக முடிக்காமல், முக்கால்வாசி வேலையோடு நிறுத்தி, மற்ற உதிரிபாகங்களுடன் ஒரே பெட்டியில் போட்டு விற்றார்கள். வாங்குகிறவர் வீட்டில் உட்கார்ந்து மிச்ச வேலையை முடித்துக் கொள்ள வேண்டியது. துப்பாக்கிக்கு நம்பர் உண்டு, வாங்குகிறவர் மேல் போலீஸ் கேஸ் இருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. ஆனால் இது 'இன்னும் துப்பாக்கி ஆகவில்லை' என்பதால் நம்பரும் கிடையாது, விசாரணையும் கிடையாது. கொலை நடந்த இடத்தில் இப்படி ஒரு துப்பாக்கி கிடைத்தால் யார் வாங்கியது என்று போலீசுக்கு தலையும் புரியாது, வாலும் புரியாது. அதனால்தான் அங்கே அதற்கு 'பேய் துப்பாக்கி' என்று பெயர் வைத்தார்கள்.

2022 ஆகஸ்டில் அமெரிக்க அரசு புது விதி கொண்டு வந்தது. சுலபமாக துப்பாக்கியாக மாற்றக்கூடிய பெட்டி என்றால் அதுவும் துப்பாக்கிதான், நம்பர் அடிக்க வேண்டும், வாங்குகிறவரை விசாரிக்க வேண்டும் என்றது. கம்பெனிக்காரர்கள் கோர்ட்டுக்கு போனார்கள். 2025 மார்ச் 26-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 7-க்கு 2 என்ற கணக்கில் அரசின் விதி செல்லும் என்று தீர்ப்பு சொன்னது. அந்த பெட்டியை அதற்கு முன் பார்த்தே இராத ஒரு ஆள், சாதாரண டூல்சை வைத்து 21 நிமிஷத்தில் துப்பாக்கியாக்கி விட்டார் என்ற விவரமும் தீர்ப்பில் இருக்கிறது. 21 நிமிஷம்! நம்ம ஊரில் ஒரு டயர் பஞ்சர் ஒட்ட ஆகும் நேரம்.

நம்ம ஊர் சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்காவில் இத்தனை வருஷம் இழுத்த அந்த கேள்விக்கு நம்ம நாட்டில் 1959-லேயே பதில் எழுதி வைத்து விட்டார்கள். ஆயுதச் சட்டம் என்று பெயர். அதன் 2-வது பிரிவில் 'துப்பாக்கி' என்றால் என்ன என்று சொல்லும்போதே, துப்பாக்கியின் பாகங்களும் துப்பாக்கிதான், அதை தயாரிக்கும் மெஷினும் அதில் சேர்ந்ததுதான் என்று எழுதியிருக்கிறார்கள். குழல் தனியாக இருந்தாலும் சரி, ஃபிரேம் தனியாக இருந்தாலும் சரி, "இன்னும் சேர்க்கல சார்" என்ற பேச்சு ஸ்டேஷனில் எடுபடாது.

அடுத்தது 5-வது பிரிவு. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, கை மாற்றக் கூடாது, ஒன்றை இன்னொன்றாக மாற்றக் கூடாது, ரிப்பேர் செய்யக் கூடாது, சுட்டுப் பார்த்து சோதிக்கவும் கூடாது. 'ரிப்பேர்' என்ற வார்த்தையை பட்டறைக்காரர்கள் கொஞ்சம் கவனிக்கவும். மலை அடிவாரத்தில் இருந்து ஒருத்தர் பழைய நாட்டுத் துப்பாக்கியை சாக்கில் சுற்றிக் கொண்டு வந்து, "விசை மட்டும் வேலை செய்யல, பாத்து குடுப்பா" என்றால், அதை பார்த்துக் கொடுப்பதும் புதுசாக செய்வதும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே குற்றம்தான். கூலி 200 ரூபாய் வாங்கினாலும் அதே பிரிவு, ஓசியில் செய்து கொடுத்தாலும் அதே பிரிவு.

2019 டிசம்பர் வரை இதற்கு 3 வருஷத்தில் இருந்து 7 வருஷம் வரை தண்டனை இருந்தது. அந்த மாதம் 14-ந் தேதி அமலுக்கு வந்த திருத்தத்துக்கு பிறகு ஆரம்பமே 7 வருஷம், மேலே ஆயுள் தண்டனை வரை போகும், அபராதம் தனி. ஜாமீனில் விடக்கூடிய குற்றமும் இல்லை. செய்யாமல், லைசென்ஸ் இன்றி சும்மா வைத்திருந்தாலே 2-ல் இருந்து 5 வருஷம். தடை செய்யப்பட்ட ரகம் என்றால் 7-ல் இருந்து 14 வருஷம். அமெரிக்க பெட்டிகளில் அதிகம் விற்றது 9 எம்.எம். ரகம். அது இங்கே சாதாரண ஆளுக்கு லைசென்சே கிடைக்காத ரகம் என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள்.

"சரி, செய்து முடித்து விட்டு ரிஜிஸ்தர் பண்ணிக்கலாமா?" என்று கேட்கலாம். வழியே இல்லை. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காக வீட்டில் துப்பாக்கி செய்வதை பல மாநிலங்களில் அனுமதிக்கிறார்கள். இங்கே பைக்கை வாங்கி விட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு போவது போல பின்னாடி போய் பதிவு செய்து கொள்ள முடியாது. முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் துப்பாக்கி. அதுவும் தயாரிப்பாளர் பெயர், நம்பர் அடித்த துப்பாக்கி. நம்பர் இல்லாததை விற்பதும் குற்றம், இருக்கிற நம்பரை அரம் போட்டு தேய்ப்பதும் குற்றம்.

சேலத்தில் நடந்தது

இதெல்லாம் வெளிநாட்டு கதை என்று நினைக்க வேண்டாம். 2022 மே மாதம் சேலம் மாவட்டம் ஓமலூர் பக்கம் வாகன சோதனையில் 2 இளைஞர்கள் துப்பாக்கியோடு சிக்கினார்கள். தோண்டித் துருவி விசாரித்ததில் வாடகைக்கு வீடு எடுத்து, யூடியூப் பார்த்து துப்பாக்கி தயாரித்தது தெரியவந்தது. அந்த வழக்கு என்.ஐ.ஏ. கைக்கு போனது. 2024 பிப்ரவரியில் திருச்சி உள்பட பல ஊர்களில் இது சம்பந்தமாக அதிகாரிகள் சோதனை போட்டார்கள். ஓமலூரில் ஆரம்பித்த வழக்குக்கு 2 வருஷம் கழித்து நம்ம ஊரில் வந்து கதவை தட்டினார்கள்!

அதே 2022 ஜூலையில் ஜப்பான் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயை நாரா நகரில் சுட்டுக் கொன்றது கடையில் வாங்கிய துப்பாக்கி இல்லை. இரும்பு குழாயையும் டேப்பையும் வைத்து வீட்டில் செய்தது. உலகத்திலேயே துப்பாக்கி கட்டுப்பாடு கடுமையான நாடுகளில் ஒன்று அது. அதனால்தான் எந்த ஊர் போலீசும் இந்த மாதிரி விஷயத்தை 'ஏதோ பையன் விளையாட்டு' என்று விடுவதில்லை.

கொஞ்சம் விதிவிலக்கும் உண்டு

சட்டத்தின் 45-வது பிரிவில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. சில்லறை பாகம் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறீர்கள், அதை வேறு பாகங்களோடு சேர்த்து உபயோகிக்கும் எண்ணம் உங்களுக்கும் இல்லை வேறு யாருக்கும் இல்லை என்றால் இந்த சட்டம் பொருந்தாது. ஒரு ஸ்பிரிங், ஒரு ஸ்குரூ மாதிரி. இதை நம்பி "ஃபிரேம் மட்டும்தான் என்கிட்ட இருக்கு, குழல் மாமா வீட்ல இருக்கு" என்று வக்கீலிடம் போனால் அவரே கும்பிடு போட்டு அனுப்பி விடுவார். 'வேறு யாருக்கும்' என்ற வார்த்தை அதற்காகவே போட்டது.

இன்னொன்று, பழங்காலத்து துப்பாக்கி. ஸ்ரீரங்கம் உத்திர வீதி, சித்திரை வீதி பக்கம் பழைய வீடுகளை இடித்து கட்டும்போது பரணில் இருந்து என்னென்னமோ வரும். தாத்தா காலத்து துப்பாக்கி வந்தால்? துருப்பிடித்து கிடக்கிறதே, இது ஆயுதமா என்று தோன்றும். சட்டம் சொல்வது, பழங்கால மாடலாகவோ பழுதாகவோ இருந்து, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுடவே முடியாது என்றால்தான் விதிவிலக்கு. 'ரிப்பேர் செய்தாலும்' என்பதுதான் முக்கியம். இன்றைக்கு சுடாது, நல்ல ஃபிட்டர் கையில் கிடைத்தால் சுடும் என்றால் அது துப்பாக்கி. அதை நீங்களே முடிவு செய்யாமல் பக்கத்து ஸ்டேஷனுக்கு தகவல் சொல்லி ஒப்படைத்து விடுவதுதான் நல்லது. காயலான் கடையில் எடைக்கு போட்டால் 'கை மாற்றிய' குற்றம் சேர்ந்து கொள்ளும், கடைக்காரரும் சேர்ந்து மாட்டுவார்.

தாத்தாவோ அப்பாவோ முறைப்படி லைசென்சோடு வைத்திருந்து இறந்து போனார் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ டெபாசிட் செய்து விட்டு, வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகி விட்டாலோ, அந்த துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் 2016-ம் ஆண்டு விதிகளில் இடம் இருக்கிறது. ஒரு ஆளுக்கு அதிகபட்சம் 2 துப்பாக்கிதான். பரம்பரையாக வந்ததும் அந்த கணக்கில்தான் வரும்.

பார்சலில் வந்தால்?

சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று ஆள் இல்லாத வீடு திருச்சியில் கம்மி. "மாப்ளே, அங்க ஆன்லைன்ல கிடைக்குதாமே, ஒண்ணு அனுப்பேன்" என்று சும்மா கூட கேட்டு வைக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்து துப்பாக்கியோ அதன் பாகமோ கொண்டு வர 10-வது பிரிவில் தனி லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் வந்தால் ஆயுதச் சட்டத்தோடு கஸ்டம்ஸ் சட்டமும் சேரும். பார்சல் யார் பெயருக்கு வந்ததோ அவர் வீட்டு வாசலில்தான் முதலில் ஜீப் நிற்கும்.

ஏர்போர்ட்டில் பையில் எப்போதோ கிடந்த ஒரு தோட்டாவால் மாட்டிக் கொண்டவர்களும் நாட்டில் நிறைய பேர். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று சுப்ரீம் கோர்ட் 1972-லேயே சொல்லி இருக்கிறது. ஆனால் அதை கோர்ட்டில் நிரூபிப்பதற்குள் பிளைட்டும் போய் விடும், பாஸ்போர்ட்டும் மாட்டி விடும்.

ஏர்கன் விஷயத்தில் மட்டும் சலுகை உண்டு. 4.5 எம்.எம். குழல், 20 ஜூல் சக்திக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. அதற்கு மேல் போனால் வேண்டும். லைசென்ஸ் வேண்டாத ஏர்கன்னை வாங்கி குழலை மாற்றி 'பவர் ஏத்தி' வைத்தால் அது மறுபடி 5-வது பிரிவு, 7 வருஷம். பொம்மைத் துப்பாக்கியை நிஜமாக மாற்றினாலும் அதேதான்.

பட்டறைக்காரர் என்ன செய்யணும்?

வருகிற டிராயிங் எல்லாம் எதற்கு என்று கேட்க முடியுமா என்பது நியாயமான கேள்விதான். அவசர ஜாப், கூலி கையில், கேட்டால் ஆர்டர் போய்விடும். ஆனால் துப்பாக்கி தொழிற்சாலை இருக்கிற ஊரில், குழலும் ஃபிரேமும் பார்த்தால் டர்னருக்கு தெரியாது என்று சொன்னால் எந்த கோர்ட்டும் லேசில் நம்பாது. அந்த தொழிற்சாலை 1966-ல் இருந்து இங்கே இருக்கிறது. அதில் வேலை பார்த்தவரோ, பார்த்தவருக்கு சொந்தக்காரரோ இல்லாத பட்டறை ஏது?

கம்பெனி பெயரில் வேலை நடந்தால் பொறுப்பில் இருக்கும் முதலாளியையும் சேர்க்க 33-வது பிரிவு இடம் கொடுக்கிறது. தனக்கு தெரியாமல் நடந்தது, தான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கு ஜாப் கார்டு, டிராயிங் காப்பி, கொடுத்தவரின் பெயர், அட்ரஸ், போன் நம்பர் இருந்தால்தான் வாய் திறக்க முடியும். துண்டுச் சீட்டில் அளவு எழுதி வாங்கி, வேலை முடிந்ததும் கசக்கிப் போடுவது நம்ம ஆட்களின் பழக்கம். மாட்டினால் அந்த சீட்டுக்காக அழ வேண்டி இருக்கும்.

சந்தேகம் வந்தால் வேலையை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது. இந்த சட்டத்தில் குற்றம் நடப்பது தெரிந்தால் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு சொல்ல வேண்டும் என்று 36-வது பிரிவு சொல்கிறது. வேலைக்கு இருக்கும் பையன்களுக்கும் இதை சொல்லி வையுங்கள். முதலாளி இல்லாத நேரம், ஞாயிற்றுக்கிழமை 'ஓவர்டைம்' வேலை என்று அவர்களிடம்தான் முதலில் வருவார்கள்.

ஆசை இருந்தால் நேர்வழி

துப்பாக்கி மேல் நிஜமாகவே ஆசை உள்ளவருக்கு திருச்சியிலேயே ரைபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் மாநில துப்பாக்கி சுடும் போட்டி அங்கே நடந்தபோது நடிகர் அஜித்குமார் வந்து கலந்து கொள்ள, அவரை பார்க்க ரசிகர் கூட்டம் முண்டியடித்தது பலருக்கும் நினைவிருக்கும். முறையாக சேர்ந்து, பயிற்சியாளர் மேற்பார்வையில் சுட்டுப் பழகலாம்.

சொந்தமாக துப்பாக்கி வேண்டும் என்றால் 21 வயது ஆகி இருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்த பின் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து ரிப்போர்ட் வாங்குவார்கள். எதற்கு வேண்டும் என்ற காரணம் பலமாக இருக்க வேண்டும். காட்டுப்பன்றி தொல்லையால் பயிரை காக்க என்று கேட்கும் விவசாயிக்கு, மருந்து கிட்டித்து சுடும் பழைய ரக துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர சட்டத்திலேயே வழி உண்டு. ஆனால் அது பயிர்க் காவலுக்குத்தான். முயல் வேட்டைக்கு கிளம்பினால் 1972-ம் வருஷத்து வன உயிரின சட்டமும் மேலே விழும். கிடைத்த லைசென்ஸ் 5 வருஷம் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். கேட்டு மறுத்தால் ஏன் என்று எழுத்து மூலம் கேட்டு, மேல் அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம்.

நாட்டுத் துப்பாக்கியை வைத்துக் கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் முழிப்பவர்களும் இருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் "தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை" என்று போலீசார் அறிவித்தபோது, ராத்திரியோடு ராத்திரியாக ஊர் எல்லையில் வைத்து விட்டு போனவர்கள் ஏராளம். அந்த மாதிரி அறிவிப்பு எப்போதும் இருக்காது. இல்லாத நேரத்தில் ஒரு வக்கீலை கூட்டிக் கொண்டு ஸ்டேஷனுக்கு போய் ஒப்படைப்பது, சோதனையில் மாட்டுவதை விட எவ்வளவோ மேல்.